முப்பரிமாண வரைதல்: இலவச மென்பொருள்கள் கடந்து வந்த பாதை



கரும்பலகையில் ஒரு கனச்செவ்வகத்தை வரைந்து, "இதற்கு எத்தனை விளிம்புகள்?" என்று கேட்டால், ஒன்பது என்று விடை கூறும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர்கள் கண்ணுக்குத் தெரிவன ஒன்பதே. மறைந்துள்ள மூன்றையும் நாம் புள்ளிக்கோடுகளால் காட்டுகிறோம். தட்டையான பலகையில் கனமான பொருளைக் காட்டுவதில் உள்ள இடர்ப்பாடு இது. அதே உருவத்தைக் கணினித் திரையில் வரைந்து, சுட்டியால் பிடித்துத் திருப்பிப் பார்க்கும் மாணவன், யாரும் சொல்லாமலேயே பன்னிரண்டு என்று எண்ணிவிடுகிறான்.

இதனைக் கண்ட பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, இதற்கு இலவச மென்பொருள் எது?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆயினும், இலவசம் என்னும் சொல்லுக்குள் இருவேறு பொருள்கள் அடங்கியுள்ளன. அவற்றின் வேறுபாட்டை இம்மென்பொருள்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. பிள்ளைகளின் உழைப்பு நிலைப்பதும் அழிவதும் அந்த வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், அவ்வரலாற்றைச் சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

தொடக்கம்: ஓர் ஒளிப்பேனா

1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆய்வு மாணவர், தம் முனைவர் பட்ட ஆய்வாக 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை உருவாக்கினார். டிஎக்ஸ்-2 என்னும் பெரிய கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரைந்தால், கணினி அதனை வடிவமாகப் புரிந்துகொண்டது. இரு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால், அவ்வாறே திருத்திக்கொண்டது. அதே ஆண்டில் அதே கழகத்தைச் சேர்ந்த திமோத்தி ஜான்சன் இதனை முப்பரிமாணத்திற்கு விரித்து 'ஸ்கெட்ச்பேட் III' என்று பெயரிட்டார். மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என மூன்று தோற்றங்களும், அவற்றோடு தொலைநோக்குத் தோற்றமும் ஒரே திரையில் தெரிந்தன. இன்றைய முப்பரிமாண மென்பொருள்கள் பலவற்றிலும் இந்த நான்கு கட்ட அமைப்பைக் காணலாம்.

பின்னர் சதர்லாந்து யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கு 1972ஆம் ஆண்டு நடந்த ஒரு வகுப்பறை நடவடிக்கை நம் போன்ற ஆசிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய மனைவியின் வோல்க்ஸ்வேகன் 'வண்டு' காரின் மேல் மாணவர்கள் கோடுகளையும் புள்ளிகளையும் வரைந்தார்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் அளவுகோலால் அளந்து, அந்த எண்களைக் கணினிக்குள் இட்டார்கள். கார் திரையில் உருவாயிற்று.

அதே பல்கலைக்கழகத்தில் 1975ஆம் ஆண்டு மார்ட்டின் நியூவெல் என்பவருக்கு, தம் ஆய்வுக்குப் பொருத்தமான ஒரு பொருள் தேவைப்பட்டது. வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, தேநீர்ப் பாத்திரங்களையே வரையலாமே என்று அவர் மனைவி கூறினார். நியூவெல் தேநீர்க் குடுவையை முதலில் வரைகட்டத்தாளில் பென்சிலால் வரைந்தார். பின்னரே அதன் வளைவுகளை எண்களாக மாற்றினார். 'யூட்டா தேநீர்க் குடுவை' எனப் பெயர் பெற்ற அந்த வடிவத்தை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் தங்கள் நிரல்களைச் சோதிக்கப் பயன்படுத்தினார்கள். அந்த எண்களை நியூவெல் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பகிர்ந்தளித்ததே அதற்குக் காரணம். அசல் பீங்கான் குடுவை இன்று கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எளிமை வந்த கதை

அடுத்த கால் நூற்றாண்டில் முப்பரிமாண மென்பொருள்கள் பெருகினாலும், அவற்றுள் பெரும்பாலானவை பொறியாளர்களுக்கும் திரைப்படக் கலைஞர்களுக்கும் உரியவையாகவே இருந்தன. விலையும் பள்ளிகளுக்கு எட்டவில்லை, கற்றுக்கொள்வதும் எளிதன்று.

2000ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்கெட்ச்அப்' இந்நிலையை மாற்றியது. தரையில் ஒரு செவ்வகம் வரைந்து, அதன் பரப்பைச் சுட்டியால் பிடித்து மேலே இழுத்தால் அது கனச்செவ்வகமாக எழுந்து நிற்கும். இந்தத் 'தள்ளு, இழு' முறை ஆரம்பப்பள்ளி மாணவருக்கும் நொடியில் விளங்கியது. 2006ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் இதனை வாங்கி, ஒரு பதிப்பை யாவருக்கும் இலவசமாக வழங்கியது. கூகுளுக்கு அதில் ஒரு தேவை இருந்தது. தன்னுடைய 'கூகுள் எர்த்' வரைபடத்தில் உலக நகரங்களின் கட்டடங்களைப் பொதுமக்களே வரைந்து சேர்க்க வேண்டும் என்று அது விரும்பியது.

சில ஆண்டுகளில் வான்வழிப் படங்களிலிருந்து கட்டடங்களைக் கணினியே தானாக உருவாக்கும் முறை வந்தது. 2012ஆம் ஆண்டு கூகுள் ஸ்கெட்ச்அப்பை டிரிம்பிள் நிறுவனத்திற்கு விற்றது. கணினியில் நிறுவிக்கொள்ளத்தக்க இலவசப் பதிப்பு 2017ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுபோனது. அதன்பின் இணைய உலாவியில் மட்டுமே இயங்கும் இலவசப் பதிப்பு வந்தது. இணையம் தடையின்றிக் கிடைக்காத கணினி அறைகளுக்கு இது எத்தகைய மாற்றம் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

'டிங்கர்காட்' 2011ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டினர் இருவரால் தொடங்கப்பட்டது. உலாவியிலேயே இயங்குவது, கனச்சதுரம், உருளை, கூம்பு முதலிய வடிவங்களைக் கூட்டியும் கழித்தும் புதிய பொருளைப் படைப்பது. ஓர் உருளைக்குள் சற்றே சிறிய உருளையைத் 'துளை'யாக வைத்து இணைத்தால் குவளை கிடைத்துவிடும். 2013ஆம் ஆண்டு மார்ச் மாதம், சேவை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இரண்டு மாதங்களில் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதனை வாங்கியதால் டிங்கர்காட் பிழைத்தது. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதே ஆட்டோடெஸ்க், '123டி' என்ற பெயரில் வழங்கிவந்த தன் இலவசச் செயலிகளை 2017ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. எது வாழும், எது மறையும் என்பதைப் பயனர்கள் முடிவு செய்யவில்லை.

மக்கள் மீட்டெடுத்த மென்பொருள்

'பிளெண்டர்' வரலாறு வேறு வகையானது. நெதர்லாந்தைச் சேர்ந்த டோன் ரோசெண்டால் 1994ஆம் ஆண்டில் தம் அசைவூட்ட நிறுவனத்தின் பயன்பாட்டிற்காக இதனை எழுதத் தொடங்கினார். 1998இல் இதற்கென 'நாட் எ நம்பர்' என்னும் நிறுவனத்தை அமைத்து, மென்பொருளை விலையின்றி வழங்கினார். யாரும் பயன்படுத்தலாம், ஆனால் அதன் மூலநிரல் நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதலீட்டாளர்கள் அந்நிறுவனத்தை மூடினார்கள். பிளெண்டரும் அதனோடு மறைய வேண்டிய நிலை.

ரோசெண்டால் முதலீட்டாளர்களிடம் பேசி ஓர் உடன்பாட்டிற்கு வந்தார். 100,000 யூரோ செலுத்தினால் மூலநிரலைப் பொதுவில் விடலாம் என்பதே அது. 2002 ஜூலையில் நிதி திரட்டல் தொடங்கியது. உலகெங்கும் உள்ள பயனர்கள் தங்களால் இயன்றதை அனுப்பினார்கள். ஏழே வாரங்களில் முழுத் தொகையும் சேர்ந்தது. 2002 அக்டோபர் 13ஆம் நாள் பிளெண்டர், குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அன்று முதல் அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். வெளியிட்ட பதிப்பை எந்த நிறுவனமும் திரும்பப் பெற இயலாது. பழைய பதிப்புகளை இன்றும் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம்.

அம்மென்பொருளைக் கொண்டு ஒரு சிறு குழு உருவாக்கிய 'ஃப்ளோ' என்னும் திரைப்படம், 2025ஆம் ஆண்டு சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. நம் வீட்டுக் கணினியில் பதிவிறக்கம் செய்யும் அதே பிளெண்டர்தான் அது.

இலவசமும் கட்டற்றதும்

இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லத் தமிழில் நல்ல சொற்கள் உள்ளன. காசு கேட்காமல் கொடுப்பது இலவச மென்பொருள். பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையையே கொடுத்துவிடுவது கட்டற்ற மென்பொருள். முன்னதில் கொடுத்தவர் மனம் மாறினால் கை நீட்டியவர் செய்யத்தக்கது ஏதுமில்லை. பின்னதில் கொடுத்தவரே மறைந்தாலும் கொடை நிற்கும்.

இதனால் இலவசச் சேவைகளை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆரம்பப்பள்ளி மாணவருக்கு டிங்கர்காட் மிகப் பொருத்தமானது. ஆசிரியர் தரும் வகுப்புக் குறியீட்டைக் கொண்டு, மின்னஞ்சல் முகவரி இல்லாமலேயே பிள்ளைகள் நுழையலாம். பிளெண்டர் அவ்வளவு எளிதன்று. இடைநிலைப்பள்ளி மாணவருக்கே அது ஏற்றது. என் பரிந்துரை இவ்வளவுதான்.

1. மாணவர் வரைந்ததை இணையத்தில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். டிங்கர்காட்டில் எஸ்டிஎல், ஓபிஜே ஆகிய பொதுவான கோப்பு வகைகளாக ஏற்றுமதி செய்து, வன்தட்டில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பிளெண்டரிலும் திறக்கலாம்.

2. பொத்தான்களை மனனம் செய்விக்காமல், வடிவங்களைக் கூட்டல், கழித்தல், இழுத்தல், திருப்புதல் என்னும் கருத்துகளைக் கற்பியுங்கள். மென்பொருள் மாறினாலும் இவை மாறா.

3. மேல்நிலைக்குச் செல்லும் பிள்ளைக்குக் கட்டற்ற மென்பொருள் ஒன்றையாவது அறிமுகப்படுத்துங்கள்.

பள்ளி விடுமுறையில் பெற்றோர்கள் ஒன்று செய்யலாம். பிள்ளையின் பென்சில் பெட்டியை எடுத்து, அதன் நீளம், அகலம், உயரத்தை அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். யூட்டா மாணவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். அளவுகளை முதலில் தாளில் எழுதி, மூன்று தோற்றங்களையும் வரையட்டும். கணினியை அதற்குப் பிறகு திறக்கலாம்.