பட்டப்பெயரும் மானமும்

ஒரு மனிதனுக்குப் பெயர் எதற்கு? அழைப்பதற்கு என்று எவரும் சொல்லிவிடலாம். ஆனால், அப்பெயரை இடுகிறவன் யார் என்பதில்தான் ஒரு சமூகத்தின் யோக்கியதை அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

ஜாவாக்காரரைப் பாருங்கள். பேராக்கில் அவர்கள் நமக்கு அந்நியரல்லர். பாகான் டத்தோ பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள். அவர்களில் அநேகருக்குப் பெயர் ஒரே சொல்தான். குலப்பெயர் எதுவும் பின்னால் ஒட்டுவதில்லை. குழந்தை நோயால் வாடினால் பெயரையே மாற்றிவிடும் வழக்கமும் உண்டு. இந்தோனேசியாவின் முதல் ஜனாதிபதி சுகர்ணோவுக்குப் பிறந்தபோது இட்ட பெயர் குஸ்னோ. நோயின் காரணமாகவே அது மாறிற்று. பிள்ளை பெற்றவனை 'இன்னாரின் தகப்பன்' என்று மூத்த பிள்ளையின் பெயரால் அழைப்பதும், தோழர்கள் பட்டப்பெயர் சூட்டுவதும் அவர்களிடம் உண்டு. இப்பெயர்கள் உறவினால் வந்தவை.

நம்மவர் கதை என்ன? பிள்ளைகள் தங்காத வீட்டில் குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் 'குப்பன்' என்றார்கள். அது தாயின் பயம். ஆனால், தாழ்த்தப்பட்டவன் நல்ல பெயர் வைத்துக்கொண்டால் சகியாத ஊர்களும் இருந்தனவே, அது யாருடைய பயம்? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு ஜாதிப்பட்டங்களை விடும்படி தீர்மானித்தது இதனால்தான்.

ரப்பர்த் தோட்டத்தில் முனியாண்டிகள் ஐவர் இருந்தால், ஒருவன் 'குள்ளன்', ஒருவன் 'நொண்டி' ஆனான். லயத்தில் தோழன் சொன்னால் அது உரிமை. பெரட்டில் கங்காணி சொன்னால் அவமானம். தொழிலாளிகளும் துரைக்கும் கிராணிக்கும் மறைவில் பட்டம் சூட்டினார்கள். வாய் திறக்க வழியற்றவனுக்கு அதுவே ஆயுதம்.

கிராணியின் பேனா அதனினும் கொடிது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தது. அவ்வாண்டே அடையாளச் சீட்டுப் பதிவும் தொடங்கிற்று. செக்ரோலில் கிறுக்கிய பெயரே சீட்டிலும் ஏறி, அண்ணனுக்கு ஒருவிதமாகவும் தம்பிக்கு வேறுவிதமாகவும் தகப்பன் பெயர் அமைந்த குடும்பங்களை நாம் அறிவோம்.

ஆங்கிலம் படித்த நாமும் இன்று அதே நாற்காலியில்தான் இருக்கிறோம். ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. தமிழன் நின்ற பெரட்டில் ஜாவாத் தொழிலாளி நிற்கிறார். ஒருநாள் அவரைப் பெயர் கேளாமல் 'இந்தோன்' என்று கூப்பிட்டோம். "எனக்குப் பெயர் உண்டு, ஐயா" என்றார் அவர். நம் பாட்டனைக் 'கிளிங்' என்றும் 'கூலி' என்றும் கூப்பிட்ட குரல் நம் வாயிலிருந்தே வந்ததை அன்றுதான் உணர்ந்து வெட்கினோம்.

தன்னை எப்படி அழைக்கவேண்டும் என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு மனிதனுக்கும் உண்டு. அதைக் கேட்டு எழுதுவதுதான் கிராணியின் முதல் வேலை.