காத்து அடிக்கிற பக்கமேதான் கப்பல் போகணுமா?

ஆனி பிறந்தா எங்க அச்சன்புதூர்ல குடை பிடிக்கிறதே வீண். ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற மேல்காத்து குடையை மடக்கிப் போட்டுரும். அப்படி ஒருநாள் மடங்கின குடையை நிமிர்த்திக்கிட்டே அக்கா பையனிடம், "இந்தக் காத்துதாம்ல அந்தக் காலத்துல ரோமாபுரிக் கப்பலை முசிறிக்குக் கொண்டுவந்துச்சு" என்றேன். "அப்ப திரும்பி எப்படி மாமா போச்சு?" என்று கேட்டுவிட்டான்.

நியாயமான கேள்விதான்.

பாய்மரக் கப்பலைக் காற்று பின்னாலிருந்துதான் தள்ளணும் என்றில்லை. பக்கவாட்டுக் காற்றே போதும். வளைந்த பாய் காற்றைப் பின்பக்கமாகத் திருப்பிவிடும். அதன் எதிர்விசை கப்பலை முன்னாலும் பக்கவாட்டிலும் தள்ளும். பக்கவாட்டில் நகரவிடாமல் தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகம் தடுக்கும். மிச்சம் இருப்பது முன்னால் போவதுதான். வேப்பம்பழத்தை இரண்டு விரலால் பிதுக்கினா கொட்டை தெறிச்சு ஓடுதே, அதே கதை. ஒரு விரல் காற்று, இன்னொரு விரல் தண்ணீர். ஆனால் நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாயும் போகாது. வளைந்து வளைந்துதான் ஏறணும்.

தூத்துக்குடித் தோணியை எடுத்துக்குங்க. போன நூற்றாண்டிலும் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனது. கொழும்பு இருப்பது தென்கிழக்கே. தென்மேற்குக் காற்றோ வடகிழக்குக் காற்றோ, இரண்டுமே அந்தப் பாதைக்குக் குறுக்கே அடிக்கும். ஆக, ஒரே காற்றில் போகலாம், வரலாம். (ஆடி மாசக் கடல் கொந்தளிப்பு வேற சமாச்சாரம்.)

ரோமாபுரிக் கப்பலுக்கு அந்த வசதி இல்லை. செங்கடல் வாயிலில் இருந்த ஒக்கேலிசிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதியிருக்கார். வந்த தென்மேற்குக் காற்றிலேயே மேற்கே திரும்புவதென்றால் காற்றின் முகத்தைப் பார்த்து ஏறணும். சதுரப்பாய் கட்டிய சரக்குக் கப்பலுக்கு அது ஆகிற காரியமில்லை. அதனால் டிசம்பர், ஜனவரி வாடைக்காகக் காத்திருந்து, மிளகோடு திரும்பினார்கள்.

இந்தக் கடல்வழியைக் கண்டுபிடித்தவர் ஹிப்பாலஸ் என்ற மாலுமி என்கிறது பெரிப்ளூஸ் நூல். கிரேக்கர்களுக்கு அது புதுசாக இருந்திருக்கலாம். புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோர் ஒருவர் காற்றை வசப்படுத்திக் கப்பல் விட்டதாகப் பாடுகிறார். அதை வைத்து யார் முந்தி என்று சண்டை போட முடியாதுதான். ஆனா கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று திசைக்கொரு பேர் வைத்த கடற்கரைக்காரங்களுக்கு, வெளியூர் மாலுமி வந்தா காத்தைக் காட்டிக் கொடுக்கணும்?

பையனுக்கு வேப்பம்பழம் வரைக்கும் புரிஞ்சுது. குடைதான் திரும்பவும் மடங்கிருச்சு.