அப்பத்தாவின் புற்றும் பிளினியின் பாம்பும்

ராத்திரி இடி இடித்தால், மறுநாள் விடியும் முன்பே அப்பத்தா களைக்கொத்தோடு கிளம்பிவிடுவாள். "ராவு இடி விழுந்துச்சுல்ல, புத்துல பூத்திருக்கும்." காளானின் குடையைப் பிடித்துப் பிடுங்கமாட்டாள். மண்ணைக் கிளறி, தண்டு வேர்போல நீண்டு கரையான் புற்றுக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பாள். இறங்காவிட்டால், "நாய்க்குடை, விடு."

ஒருமுறை சித்தப்பா வேறெங்கோ பறித்த காளான்களைக் கொண்டுவந்தார். குழம்பில் வெள்ளிக்காசைப் போடுவோம், கறுக்கலைன்னா சாப்பிடலாம் என்றார். அப்பத்தா ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் குப்பைக்குழியில் கொட்டினாள். சித்தப்பா பல நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சண்டைக்கு இரண்டாயிரம் வருட வயது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் பொது விதி ஒன்றை மனிதர்கள் எப்போதும் தேடியிருக்கிறார்கள். ரோமின் பிளினி, துருப்பிடித்த ஆணியோ பாம்புப் பொந்தோ பக்கத்தில் இருந்தால் காளான் நஞ்சாகும் என்று எழுதினார். அப்படிப் பார்த்தால், பாம்பு குடியிருக்கும் புற்றில் பறித்தே அப்பத்தா எங்களைக் கொன்றிருக்க வேண்டும்! கி.பி. 54இல் பேரரசர் கிளாடியஸ் நஞ்சு கலந்த காளான் உணவால் கொல்லப்பட்டதாக ரோம வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். 1740இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் காளான் சாப்பிட்டபின் நோயுற்று இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அடுத்து வந்த வாரிசுரிமைப் போர் 1748 வரை நீண்டது.

பொது விதிகள் ஏன் தோற்கின்றன? வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகச் சேர்மங்கள். ஐரோப்பாவின் 'மரணத் தொப்பி' காளானில் இருக்கும் அமானிட்டின் அப்படிக் கறுக்க வைக்காது. 1941இல் ஜெர்மனியில் பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. நத்தை தின்ற காளான் நமக்கு ஆகும் என்பதும் பொய்; நத்தைகள் மரணத் தொப்பியையும் தின்னும். வாந்தியும் பேதியும் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் கழித்தே தொடங்கும். பிறகு சரியாகிவிட்டது போல ஒரு இடைவெளி வரும். அந்த நேரத்தில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். அதனால், தேறியது போல இருந்தாலும் மிச்சக் காளானை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஸ்வீடனின் எலியாஸ் ஃபிரீஸ் 1821 முதல் வெளியிட்ட நூலில், வித்துத்தூளின் நிறத்தைக் கொண்டு காளான்களை வகைப்படுத்தினார். இன்றும் குடையை வெட்டிக் காகிதத்தில் கவிழ்த்து, ஒரு ராத்திரி மூடி வைத்து, உதிர்ந்த தூளின் நிறத்தைப் பார்க்கிறார்கள்.

அந்த நிறத்தின் அருமை ஊர் மாறும்போதுதான் தெரியும். நம்மூரிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் உண்ணும் வைக்கோல் காளானுக்கு அடியில் கிண்ணம்போல ஒரு உறை உண்டு. மரணத் தொப்பிக்கும் அதே உறை. ஆனால் முன்னதன் தூள் இளஞ்சிவப்பு, பின்னதன் தூள் வெள்ளை. ஐரோப்பிய ஓக் மரங்களோடு மரணத் தொப்பி கடல் தாண்டிப் போனது. பிழைக்க வந்த ஆசியர்கள் அதை ஊர்க் காளான் என்று எண்ணிப் பறிப்பது ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் நடந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டின் கடைசி இரவில் கான்பெராவில் மரணத் தொப்பி கலந்த உணவைச் சாப்பிட்ட இருவர் அடுத்த சில நாட்களில் இறந்தார்கள். ஓர் ஊரில் உயிர் வளர்த்த அறிவு இன்னோர் ஊரில் கொல்லும்.

அப்பத்தா பார்த்த 'வேர்' உண்மையில் கரையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்தில் போய் முடிகிறது. இந்த இனத்துக்கு 1942இல் ரோஜர் ஹெய்ம் டெர்மிடோமைசிஸ் என்று பெயரிட்டார். ஆனாலும் வேர் மட்டும் சான்றாகாது. வேர் நீண்ட வேறு காளான்களும் உண்டு. அவள் அதே புற்று, அதே பருவம், அதே மணம் என்று எல்லாம் ஒத்துவந்தால்தான் பறித்தாள். ஒன்று இடித்தாலும் விட்டுவிடுவாள்.

அப்பத்தா இப்போது இல்லை. புற்று இருந்த இடம் வீட்டுமனை ஆகிவிட்டது. மழைக்காலத்தில் நானும் மண்ணைக் கிளறிப் பார்க்கிறேன், குடையைக் காகிதத்தில் கவிழ்த்து வைக்கிறேன். சாப்பிடுவதில்லை. அவள் சொன்னது எனக்குத் தெரியும், அவள் கண் எனக்கில்லை.