தியானம்
காலையில் கைபேசிக்கு வரும் ‘இன்றைய தியானம்’ பெரும்பாலும் ஒரு வசனமும் நாலு வரி விளக்கமும்தான். வாசித்து முடித்ததும் தியானித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்; இது எனக்கு வருத்தம் தருகிறது. தியானம் வடசொல், நினைத்தல் என்னும் பொருளுள்ள ‘த்யை’ வேரிலிருந்து வந்தது. பாலியில் ‘ஜான’, சீனத்தில் ‘சான்’, ஜப்பானியத்தில் ‘ஜென்’ ஆனதும் இதுவே. அதனால் சொல்லைக் கேட்டதும் கண்மூடிய மௌனம்தான் மனத்தில் எழுகிறது. ஆனால் முதலாம் சங்கீதத்தில் தமிழ் வேதாகமம் தியானம் என்று தரும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது ‘ஹாகா’: வாய்க்குள் முணுமுணுத்தல். ஏசாயாவில் சிங்கத்தின் உறுமலுக்கும் (31:4) புறாவின் புலம்பலுக்கும் (38:14) இதே சொல்தான். யோசுவா 1:8-உம் திருச்சட்ட நூல் வாயைவிட்டு நீங்கலாகாது என்று சொன்ன பிறகே தியானிக்கச் சொல்கிறது. தமிழில் ‘ஹாகா’வுக்கு மிக நெருங்கி நிற்பது ‘ஓதுதல்’. தேவாரம் பாடுபவரை ஓதுவார் என்கிறோம். இஸ்லாமியர் குர்ஆனை ஓதுகிறார்கள். நினைத்தலைக் குறிக்கும் ‘உள்ளுதல்’ அழகிய பழஞ்சொல், ஆனால் அதில் குரல் இல்லை. பழகிப்போன ‘தியானம்’ என்னும் சொல்லை நீக்க வேண்டியதில்லை; நாளைய வசனத்தை வாய்விட்டு, மெதுவாக, பலமுறை ஓதிப் பாருங்கள்.