பக்கத்து மேசைப் பள்ளிக்கூடம்

நம் கல்லூரியில் வணிகவியல் படித்துவிட்டு வங்கி வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அடியேனும் அதில் ஒருவன். வங்கியில் வேலை கற்றுக்கொள்ளும் முறை எப்படி மாறியது என்பதை இன்றைய மாணவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில் கிளைக் குமாஸ்தாவுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்து மேசைதான்; சீனியர்தான் வாத்தியார். அப்போது சேமிப்புக் கணக்கில், மாதம் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்கு மட்டுமே வட்டி. லெட்ஜரைப் புரட்டி ஒவ்வொரு கணக்குக்கும் அந்தத் தொகையைத் தேடி எடுக்க வேண்டும். கணக்கு டேலி ஆகவில்லை என்றால் சீனியர் சொல்வார்: "வித்தியாசம் ஒன்பதால வகுபடுதா பாருப்பா. வகுபட்டா 54-ஐ 45-ன்னு மாத்திப் போட்டிருப்பே. இல்லேன்னா பாதித் தொகையைத் தேடு, பற்று வரவுல ஏறியிருக்கும்." எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

1983-இல் வங்கி நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இயந்திரங்களைப் பயன்படுத்துவது பற்றி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1984-இல் அறிக்கை தந்தது. கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் இயந்திரங்கள் வந்தன. வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதை வெறும் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். 2000-01-இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். அவர்களோடு அனுபவமும் வெளியே போனது.

இதற்கிடையில் வாத்தியாரும் மாணவனும் இடம் மாறிக்கொண்டார்கள். முப்பது வருஷ அனுபவசாலிக்கு நேற்றுச் சேர்ந்த பையன் "சார், இந்த பட்டனை அமுக்குங்க" என்று சொல்லிக் கொடுத்தான். சிலருக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. ஆனால் பையனுக்கு விசை தெரியும், பெரியவருக்குக் கணக்கு தெரியும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்த கிளைகளில் வேலை நன்றாக நடந்தது.

வாடிக்கையாளருக்கும் லாபம் கிடைத்தது. 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குக்குத் தினசரி இருப்பின் மீது வட்டி கணக்கிடப்படுகிறது. கையால் எழுதிய காலத்தில் இது நடக்கிற காரியமா?

இன்று பயிற்சி வகுப்பு செல்போனிலேயே வருகிறது. 2020 கொரோனாவுக்குப் பிறகு அது இன்னும் பெருகிவிட்டது. வீட்டிலிருந்தே படிக்கலாம், புரியாததைத் திரும்பப் பார்க்கலாம், நல்லதுதான். ஆனால் வீடியோவிடம் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. கம்ப்யூட்டர் கூட்டலில் தப்பு செய்யாது. தப்பான கணக்கில் வரவு வைத்தால் அதையும் சரியாகவே கூட்டிக் காட்டும். அதைக் கண்டுபிடிக்க, ஏன் இந்தப் பதிவு, எதற்கு இந்த விதி என்று தெரிந்த ஆள் வேண்டும்.

ஆகவே தம்பி தங்கைகளே, நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் புது இயந்திரத்தை முதல் ஆளாகப் பழகுங்கள். கூடவே பக்கத்து மேசைக்காரரிடம் "இது ஏன் சார் இப்படி?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். சக முன்னாள் மாணவர்களே, அந்தக் கேள்வி நம்மிடம் வந்தால் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்வோம்.