நடுவயதுப் பெண்களின் முடியுதிர்வும் சிகிச்சையும்

நாற்பது வயதை ஒட்டியும் அதன் பின்னும் பெண்களுக்கு வகிடு அகலமாவதும், ஜடை மெலிவதும், தலைக்குக் குளிக்கும்போது முடி கொத்துக் கொத்தாக வருவதும் பரவலாகக் காணப்படுகின்றன. வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இவற்றுக்குப் பின்னால் காரணத்திலும் போக்கிலும் மருந்திலும் வேறுபட்ட பல நோய்கள் இருக்கின்றன. சில தாமாகவே சரியாகும். சிலவற்றுக்கு ஆயுள் முழுக்க மருந்து தேவைப்படும். சில, காலம் தாழ்த்தினால் மயிர்க்காலையே அழித்துவிடும். எனவே எந்த வகை என்று கண்டறிவதுதான் சிகிச்சையின் பாதி. நம் ஊரில் பெரும்பாலான பெண்கள் எண்ணெய், ஷாம்பூ, சத்து மாத்திரை என்று மாற்றி மாற்றிச் செலவழித்து ஓய்ந்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் வருகிறார்கள். ‘வயசானா கொட்டத்தான் செய்யும்’ என்று வீட்டார் சொல்லும் சமாதானம் இந்தத் தாமதத்துக்குப் பெரிய காரணம்.

முடி வளரும் முறை

தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் முடியை வளர்த்து, இரண்டு மூன்று வாரம் சுருங்கி, சுமார் 3 மாதம் ஓய்ந்து, பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதியதை முளைக்க விடும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. வாரம் ஒருமுறை மட்டும் தலைக்குக் குளிப்பவருக்குப் பல நாள் கணக்கும் அன்று சேர்ந்து வரும். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வகிட்டின் அகலத்தையும் ஜடையின் கனத்தையும்தான்.

முக்கிய வகைகள்

இவற்றில் மிகுதியாகக் காணப்படுவது பெண்வகை முடிமெலிவு. ஜெர்மானியத் தோல் மருத்துவர் எரிக் லுட்விக் 1977-இல் இதை மூன்று படிகளாக வகுத்தார். ஆண்களைப் போல நெற்றி ஏறாது. முன்மயிர்க் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்க, உச்சந்தலை மட்டும் மெலிந்து தோல் தெரியத் தொடங்கும். சிலருக்கு வகிடு நெற்றிப் பக்கம் அகன்று பின்னால் குறுகி முக்கோணமாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் மயிர்க்கால் சிறுத்து, முடி மெல்லிய பூனைமுடியாகிவிடுகிறது. பரம்பரைக்கு இதில் பங்குண்டு. ஆண் ஹார்மோனுக்கும் தொடர்பு உண்டு என்றாலும், பாதிக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் அதன் அளவு இயல்பாகவே இருக்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதோடு சேர்ந்து மெலிவு வெளிப்படையாகத் தெரிய வருகிறது.

அடுத்தது டெலோஜன் எஃப்ளூவியம். 1961-இல் ஆல்பர்ட் கிளிக்மன் விவரித்த இந்த வகையில், உடலுக்கு நேர்ந்த ஒரு பெரும் அதிர்ச்சியால் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து முடியை மொத்தமாக உதிர்க்கும். டெங்கு, கோவிட் போன்ற காய்ச்சல், கருப்பை நீக்க அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடையைக் குறைத்தல், வீட்டில் நேர்ந்த துக்கம் ஆகியவை இதைத் தூண்டலாம். அதனால் ‘மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது?’ என்று மருத்துவர் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் நோயாளி அதைச் சொல்லிவிட வேண்டும். காரணம் விலகினால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் உதிர்தல் அடங்கி முடி திரும்பும்.

நம் பெண்களிடம் தனியாகப் பார்க்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் போக்கு ஒழுங்கின்றி, பலருக்கு அதிகமாகப் படும். கருப்பையில் நார்க்கட்டி இருந்தால் இன்னும் மோசம். ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சரிந்திருக்கலாம். இத்தகையவருக்கு முடிக்கு மட்டும் மருந்து தருவது பயனற்றது. இரத்தப்போக்கை மகளிர் மருத்துவர் கவனிக்க வேண்டும், இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். தைராய்டு குறைபாடும் இந்த வயதுப் பெண்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல் ஆகியவற்றோடு முடியும் கொட்டினால் அதைச் சோதிக்காமல் விடக்கூடாது.

தழும்பு ஏற்படுத்தும் வகைகள் குறைவாகவே வரும், ஆனால் ஆபத்தானவை. ஸ்டீவன் கோசார்ட் 1994-இல் ஆஸ்திரேலியாவில் விவரித்த முன்நெற்றி நார்மை முடியிழப்பு, மாதவிடாய் நின்ற பெண்களையே பெரும்பாலும் தாக்குகிறது. நெற்றி மேல்நோக்கி ஏறும், அந்தத் தோல் வழுவழுப்பாக வெளுத்திருக்கும், புருவம் கொட்டும். புருவம்தான் பலருக்கு முதல் அறிகுறி. அழிந்த மயிர்க்கால் மீளாது. மிஞ்சியதைக் காப்பது மட்டுமே சிகிச்சையால் இயலும்.

இறுக்கமான கொண்டையும் கனமான சவுரியும் ஆண்டுக்கணக்கில் இழுப்பதால் காதோரமும் நெற்றியோரமும் வெறுமையாவதுண்டு. வட்டமாக முடி போவது புழுவெட்டு. அதற்குக் காரணம் புழு இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்காலைத் தாக்குவதால் வருகிறது.

கண்டறிதல்

மருத்துவர் சிறு கற்றை முடியை விரல்களால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். தோல்நோக்கியில் தடித்ததும் மெலிந்ததுமான முடிகள் கலந்து தெரிந்தால் அது பெண்வகை மெலிவின் அடையாளம். முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு, தேவைப்பட்டால் வைட்டமின் டி ஆகியவை வழக்கமான சோதனைகள். தழும்பு ஐயம் இருந்தால் 4 மில்லிமீட்டர் தோல்துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். தாடையில் புதிதாக முடி, குரல் கனத்தல் ஆகியவை திடீரென்று சேர்ந்து வந்தால் சினைப்பை, அட்ரீனல் சுரப்பிக் கட்டிகளையும் தேட வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமாக்சிஃபென், லெட்ரோசோல் முதலியனவும் முடியை மெலியச் செய்யும். அவற்றைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

கடைகளில் ‘முடிக்கான மாத்திரை’ என்று விற்பவற்றில் பயோட்டின் பெரிய அளவில் இருக்கும். அது தைராய்டு சோதனையின் முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையின் முடிவையும் தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. இரத்தம் கொடுக்கும் முன் அந்த மாத்திரை பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்குப் போதிய சான்றும் கிடையாது.

சிகிச்சை

பெண்வகை மெலிவுக்கு மிக உறுதியான சான்றுள்ள மருந்து மினாக்சிடில். இரத்தக்கொதிப்புக்கு மாத்திரையாக வந்த இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததால், தலையில் தடவும் மருந்தாக மாறியது. அமெரிக்காவில் பெண்களுக்கான 2 விழுக்காட்டுக் கரைசல் 1991-இலும், 5 விழுக்காட்டு நுரை 2014-இலும் ஒப்புதல் பெற்றன. முடியில் பூசாமல் வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் படும்படி தடவ வேண்டும். தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்தல் கூடும். ஓய்வில் இருந்த முடியைப் புதுமுடி வெளியே தள்ளுவதால் வரும் இந்தக் கட்டத்தில் பயந்து நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். இதை முன்கூட்டியே விளக்காமல் சீட்டு எழுதித் தருவது சரியான மருத்துவம் ஆகாது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் வந்தது சில மாதங்களில் போய்விடும். அரிப்பும் முகத்தில் முடியும் பக்கவிளைவுகள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை: இம்மருந்து பூனைகளுக்குக் கொடிய நஞ்சு.

தடவ முடியாதவர்களுக்கு மிகக் குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரையை இப்போது தோல் மருத்துவர்கள் தருகிறார்கள். கால் வீக்கம், படபடப்பு வரலாம் என்பதால் இதய நோயுள்ளவர் தாமாக வாங்கக்கூடாது. ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் சிலருக்கு உதவுகிறது. இதற்கு இரத்த அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் கண்காணிக்க வேண்டும். மாதவிடாய் முற்றிலும் நிற்காதவரை கருத்தரிக்க வாய்ப்புண்டு, இம்மருந்தால் அக்கருவுக்குத் தீங்கு நேரலாம். ‘எனக்கு இனி எங்கே’ என்று இதை அலட்சியம் செய்யக்கூடாது. ஆண்களுக்குப் பயன்படும் ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த ஓராண்டு ஆய்வில் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை.

சொந்த இரத்தத்தின் தட்டணுச் செறிவை ஊசியால் செலுத்தும் பிஆர்பி முறையில் நம்பிக்கையூட்டும் சிறு ஆய்வுகள் உண்டு. தயாரிப்பு முறை இடத்துக்கு இடம் மாறுவதால் பலனும் மாறுகிறது. முடிநடவு எல்லாப் பெண்களுக்கும் ஏற்றதல்ல. பின்தலையும் மெலிந்திருந்தால் எடுத்து நட நல்ல முடி இருக்காது.

வீட்டு மருந்துகளை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டினுள் இறங்கிப் புரத இழப்பைக் குறைப்பதை 2003-இல் வெளியான மும்பை ஆய்வு காட்டியது. முடி உடையாமல் காக்கும், மயிர்க்காலை வளர்க்காது. வெங்காயச் சாறு பற்றிப் பலரும் சுட்டும் 2002-ஆம் ஆண்டு பாக்தாத் ஆய்வு புழுவெட்டில் நடந்தது, வகிடு அகல்வதற்கு அது பொருந்தாது. வழுக்கையைக் குணப்படுத்துவதாகவோ புதுமுடி முளைக்கச் செய்வதாகவோ எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. அப்படி உத்தரவாதம் தரும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

மருந்து பலன் தரும் வரை முடிநிறத் தூளோ விக்கோ பயன்படுத்துவதில் தவறில்லை, இறுக்கமாக இல்லாத வரை அவை வளர்ச்சியைத் தடுக்காது. மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் வகிட்டைப் படமெடுத்து வைத்தால் முன்னேற்றத்தை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து மதிப்பிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல்நோய்ப் பிரிவில் புறநோயாளியாகவே இதற்குப் பார்க்கலாம். தலைத்தோலில் எரிச்சல், வலி, சிவப்பு, செதில் இருந்தாலோ, புருவம் கொட்டினாலோ, நெற்றி ஏறினாலோ, இன்னொரு எண்ணெயை முயன்று பார்க்க நாள் கடத்தாமல் அந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள்.