விலை வைக்காமலே கிடைத்த கூலியாட்கள்

குடியேற்றத்துக்குக் கோட்பாடு வகுத்த எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட், பணக்காரப் பெண் ஒருத்தியை ஏமாற்றிக் கடத்தி மணந்த குற்றத்துக்காக லண்டன் நியூகேட் சிறையில் கிடந்தவர். ஆஸ்திரேலியாவைக் கண்ணால் பார்க்காமலே, சிட்னியிலிருந்து எழுதுவதுபோல் 1829இல் கடிதம் புனைந்தார். புது நாட்டில் நிலம் சும்மா கிடைத்தால் கூலிக்கு யார் நிற்பார்கள்? ஆகவே, தொழிலாளி உடனே வாங்க முடியாத அளவுக்கு நிலத்துக்கு விலை வையுங்கள். விற்ற பணத்தில் ஏழைகளைக் கப்பலேற்றுங்கள் என்றார். 1834இல் தென் ஆஸ்திரேலியாவுக்காக இயற்றிய சட்டம் இதையொட்டியதே. நிலத்தைவிட நிலமற்றவனே முதலாளிக்கு அவசியம் என்பதை வேக்ஃபீல்டே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று 1867இல் மார்க்ஸ் எள்ளினார்.

வேக்ஃபீல்டின் கோட்பாட்டைப் பெங்களூரில் உரசிப் பார்க்க இரண்டு குடியேற்றங்கள் உண்டு. ஒன்று திட்டமிட்டது. 1882இல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் கொடுத்தார். சங்கத்தை நடத்திய டி.எஸ். ஒயிட்டின் பெயரால் அது ஒயிட்ஃபீல்ட் ஆயிற்று. வேளாண் குடியேற்றமாக அது செழிக்கவில்லை. மற்றதற்குத் திட்டமே கிடையாது. 1809 வாக்கில் கண்டோன்மென்ட் உருவானதும் சிப்பாய், சமையற்காரர், குதிரைக்காரர், சலவைத் தொழிலாளி, கான்டிராக்டர் என்று தமிழர்கள் பட்டாளத்தின் பின்னால் வந்தார்கள். அல்சூரும், நாக்ஸ்பேட்டை என்று வழங்கிய இன்றைய மர்பி டவுனும் இப்படி வந்தவர்களின் வாரிசுகளால் நிறைந்தவை. அவர்களுக்கு எந்த ராஜாவும் ஏக்கர் கணக்கில் நிலம் தரவில்லை.

ஒயிட்ஃபீல்ட் தளர்ந்ததற்கு அங்கு குடியேறியவர்களின் சோம்பலே காரணம் என்பது பழைய ஏளனம். அதை நான் ஏற்கவில்லை. ரயில்வேயும் தந்தியும் சர்க்கார் ஆபீசும் பழகிய சமூகத்தை ஏர் பிடிக்கச் சொன்னார்கள். மாதச் சம்பளமோ வெளியே காத்திருந்தது. கண்டோன்மென்ட் தமிழர்கள் விரும்பித்தானே வந்தார்கள், இதில் வேக்ஃபீல்டுக்கு என்ன வேலை என்று வேறொருவர் கேட்கலாம். ஓரளவு நியாயமான கேள்விதான். முதலியார்கள் லாபம் தேடி வந்தார்கள். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் இலவசப் பள்ளி தொடங்குமளவு செல்வந்தரானார். ஆனால் அடித்தட்டு வேலைகளுக்கு வந்த தலித் மக்களின் கதை வேறு. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் படித்தால் போதும்: பறையர்கள் நிலம் பெறாதபடி மிராசுதார்கள் எப்படியெல்லாம் தடுத்தார்கள் என்று அது விவரிக்கிறது. தலித் மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்கு 1892இல் வழி பிறந்ததும் அதன் விளைவே. செங்கல்பட்டு முழுத் தமிழகமும் ஆகிவிடாது. 1876-78 பஞ்சமும் பலரை ஊரைவிட்டு விரட்டியது. எனினும் பஞ்சத்தில் முதலில் வெளியேறுபவன் நிலமில்லாதவனே. வேக்ஃபீல்ட் விலை வைத்து உண்டாக்க நினைத்த நிலமற்ற கூலியாளை, இங்கே சாதி அவருக்கு வெகுகாலம் முன்பே உண்டாக்கி வைத்திருந்தது. கண்டோன்மென்ட்டுக்குக் கோட்பாடு தேவைப்படாததன் காரணம் அதுதான்.

இதே ஆள்திரட்டல், கோலார் தங்கவயலில் கம்பெனி கணக்கோடு நடந்தது. அதை அடுத்த இதழில் பார்ப்போம்.